கேமராக்காரர், தையல் மிஷின்காரர், என் வீட்டு லேசர் பிரிண்டர்

வீட்டுக்கு எதற்கு லேசர் பிரிண்டர் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது புள்ளியைப் பற்றித்தான். க் என்ற எழுத்தின் தலையில் இருக்கிறதே, அந்தப் புள்ளி. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கொடுக்கும் தாளில் அது மங்கியிருந்தாலோ பக்கத்துக் கோட்டோடு ஒட்டியிருந்தாலோ, குழந்தை அதை அப்படியே பார்த்து எழுதிவிடும். இங்க்ஜெட் பிரிண்டரில் மலிவான தாளைப் போட்டால் மை தாளுக்குள் ஊறிப் பரவுகிறது. ண, ன சுழிகள் அடைத்துக்கொள்கின்றன, புள்ளி கசிகிறது. லேசரில் தூள் தாளின் மேலேயே உருகி ஒட்டுவதால் அந்தத் தொல்லை இல்லை. 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி நுணுக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தாக அச்சிட்டால் ஒவ்வொரு புள்ளியும் தனியாகத் தெரியும். டோனர் என்கிற அந்தத் தூளை மிச்சப்படுத்த டோனர் சேவ் என்றொரு வசதி பெரும்பாலான இயந்திரங்களில் உண்டு. பெரியவர்கள் படிக்க அது போதும். எழுத்துப் பழகும் பிள்ளைகளின் தாளுக்கு அதை நான் போடுவதே இல்லை.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் எங்கள் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ஆந்திரத்துச் சித்தூர் வேறு. இங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ், அதுவும் நல்ல கொங்குத் தமிழ். தாலுகா ஆபீஸ் போனால் மலையாளம். பாடப்புத்தகம் கேரள அரசே தமிழில் அச்சிட்டுக் கொடுக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சித்தாள் வேண்டுமென்றால்? பாலக்காட்டுக் கடைகளில் இருப்பது மலையாளத்தில் இருக்கும். பொள்ளாச்சிக் கடைகளில் இருப்பது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எழுதியது. எங்கள் பிள்ளைகளுக்குச் சரியாகப் பொருந்தும் தாளை நாங்களேதான் தயாரிக்க வேண்டும்.

தயாரித்ததை வெளியே கொடுத்து அச்சிடுவதில் இன்னொரு சங்கடம் இருந்தது. முன்பெல்லாம் தமிழை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டினோம். அந்தக் கோப்பை மலையாளக் கடையில் கொண்டுபோய்த் திறந்தால், அங்கே எம்எல்-டிடி கார்த்திகா என்ற மலையாள எழுத்துரு இருக்கும், பாமினி இருக்காது. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாக வரும். கடைக்காரர் பாவம், அவருக்கு அது தமிழா வேறெதுவா என்றே தெரியாது. யூனிகோடும் பிடிஎஃப்பும் பழக்கத்துக்கு வந்தபின் இது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனாலும் பழைய வினாத்தாள்கள் நிறைய இன்னும் பாமினியில்தான் கிடக்கின்றன. அவற்றை நம் வீட்டுக் கணினியில் திறந்து நம் வீட்டிலேயே அச்சிடுவது போல நிம்மதி வேறில்லை.

அப்புறம் மழை. கேரளத்தில் பள்ளி திறப்பது ஜூன் 1, தென்மேற்குப் பருவமழையும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். பாலக்காட்டு மேற்குப் பகுதியளவுக்கு எங்கள் பக்கம் மழை கிடையாது. இருந்தாலும் பிள்ளைகளின் பையை நனைக்கப் போதுமான மழை உண்டு. இங்க்ஜெட்டில் அடித்த தாள் நனைந்தால் பெரும்பாலும் மை ஓடிவிடும். லேசரில் அடித்தது தாள் கிழியும்வரை எழுத்து எழுத்தாக நிற்கும், ஏனென்றால் டோனர் என்பது கரி கலந்த மிக நுண்ணிய பிளாஸ்டிக் தூள். ஏப்ரல், மே விடுமுறையில் ஒரு தாள்கூட அச்சிடாமல் விட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இங்க்ஜெட்டை அப்படி விட்டால், பாலக்காட்டுக் கணவாய் வெயிலில், மை தெளிக்கும் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துவிடும். தினமும் கலரில் அச்சிடுபவர்களுக்கு இங்க் டேங்க் இயந்திரம் நல்லதுதான், பக்கத்துக்கு ஆகும் செலவும் குறைவு. விட்டு விட்டு, கறுப்பு எழுத்து மட்டும், ஆனால் வேண்டும்போது நிறைய என்கிற எங்கள் மாதிரி வீடுகளுக்கு லேசர்தான்.

சரி, யாருடைய லேசர்? இங்கேதான் நான் பல நாள் யோசித்த விஷயம் வருகிறது. கடையில் வரிசையாக நிற்கும் பெயர்களைப் பாருங்கள். கேனான் கேமரா செய்பவர்கள். பிரதர் 1908இல் ஜப்பானின் நகோயா நகரில் தையல் மிஷின் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கியது. கியோசெரா 1959இல் கியோத்தோவில் பீங்கான் பாகங்கள் செய்ய ஆரம்பித்த நிறுவனம், பெயரிலேயே பீங்கான் இருக்கிறது. எப்சன் கைக்கடிகாரக் குடும்பத்திலிருந்து வந்தது. சாம்சங் 1938இல் கொரியாவின் தேகு நகரில் உலர்மீனும் நூடுல்ஸும் விற்ற வியாபாரமாகத் தொடங்கி, பிறகு டிவி, ஃப்ரிட்ஜ், போன், சிப் என்று எல்லாமாகவும் ஆனது. பிரிண்டர் மட்டுமே செய்து பிழைக்கும் நிறுவனம் இந்த வரிசையில் அநேகமாக இல்லை. எல்லாருக்கும் இது பல தொழில்களில் ஒன்று.

அதற்குக் காரணம் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர், சாம்சங் தொடங்கிய அதே 1938இல், அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சோதனை செய்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார். தேதியையும் இடத்தையும் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார். பிறகு பொடியைத் தூவினார். வெளிச்சம் படாத இடத்தில் மட்டும் பொடி ஒட்டியது. அதை மெழுகுத் தாளில் எடுத்ததும் எழுத்து வந்துவிட்டது. பல நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. கடைசியில் ராச்செஸ்டரில் புகைப்படத்தாள் செய்துகொண்டிருந்த ஹாலாய்ட் என்ற சின்ன நிறுவனம்தான் எடுத்துக்கொண்டது. பிற்பாடு ஜெராக்ஸ் ஆனது அதுதான். அந்த நிறுவனத்தில் இருந்த கேரி ஸ்டார்க்வெதர், வெளிச்சத்துக்குப் பதில் லேசர் கதிரைக் கொண்டு கணினியே எழுதலாமே என்று யோசித்தார். மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1971இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்துக்கு மாறிப் போய் அங்கே அதைச் செய்து காட்டினார். 1977இல் ஜெராக்ஸ் 9700 விற்பனைக்கு வந்தது. ஆனால் அது பெரிய அலுவலகங்களுக்கான ராட்சத இயந்திரம்.

வீட்டுக்குள் நுழையும் அளவுக்கு அதைச் சுருக்கியதில் கேனானுக்குப் பெரும் பங்கு உண்டு. 1982இல் வந்த அவர்களின் சிறிய நகலெடுக்கும் இயந்திரத்தில், மின்னூட்டம் ஏறித் தூளைப் பிடிக்கும் டிரம் என்ற உருளை, டோனர், சுத்தம் செய்யும் பிளேடு எல்லாவற்றையும் ஒரே கார்ட்ரிட்ஜுக்குள் அடைத்தார்கள். சீக்கிரம் தேய்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் இருந்ததால், மெக்கானிக் வராமலே வீட்டுக்காரர் கழற்றி மாட்டலாம். என்னைக் கேட்டால், லேசரைவிட இந்த யோசனைதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம். 1984இல் எச்பி கொண்டுவந்த முதல் லேசர்ஜெட்டின் உள்ளே இருந்தது கேனானின் என்ஜின், அதாவது அச்சடிக்கும் உள்பகுதி. நிமிடத்துக்கு 8 பக்கம், 300 டிபிஐ, விலை 3,495 டாலர். அடுத்த வருடம் ஆப்பிள் விற்ற லேசர்ரைட்டரின் உள்ளேயும் அதே என்ஜின்.

இந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் ஏன் பலதொழில் நிறுவனங்கள் மட்டும் இதில் நின்றார்கள் என்று புரியும். பல முகம் கொண்ட சின்னக் கண்ணாடி ஒன்று அதிவேகமாகச் சுழன்று லேசர் கதிரைத் தாளின் அகலத்துக்கு வீசுகிறது. அதற்கு லென்ஸ் தெரிந்தவர் வேண்டும். டிரம்மில் மின்னூட்டம் தங்கும் பூச்சு வேண்டும், அது வேதியியல். கியோசெரா தன் பொருள் அறிவை வைத்து அமார்ஃபஸ் சிலிக்கான் டிரம் செய்து அதன் ஆயுளைக் கூட்டியது. தாளை இழுக்கும் பல்சக்கரமும் மோட்டாரும் நுணுக்கமாகச் சேர வேண்டும், அது தையல் மிஷின்காரருக்குக் கைவந்த வேலை. தூளை உருக்கித் தாளில் ஒட்டும் ஃபியூசரில் 200 பாகையை ஒட்டிய சூடு சீராக நிற்க வேண்டும். எல்லாவற்றையும் கட்டுப்படுத்த சிப் வேண்டும். ஒரே கூரையின் கீழ் இத்தனை கைத்திறன் இருக்கிற நிறுவனம்தான் சில ஆயிரம் ரூபாய்க்கு இதை நம் மேஜையில் கொண்டுவந்து வைக்க முடியும். அவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

ஆனால் அதே காரணத்தால் அவர்கள் ஒரு நாள் இந்தத் தொழிலைவிட்டு எழுந்து போய்விடவும் முடியும். பிரிண்டர் போனாலும் மற்ற தொழில்கள் இருக்கின்றன. 2016 செப்டம்பரில் சாம்சங் தன் பிரிண்டர் தொழிலை எச்பிக்கு விற்பதாக அறிவித்தது, 105 கோடி டாலருக்கு. 6,500க்கு மேற்பட்ட காப்புரிமைகளும் அதோடு போயின. கைமாற்றம் 2017 நவம்பர் 1 அன்று முடிந்தது. எப்சன் 2022 நவம்பரில், லேசர் பிரிண்டர் விற்பனையை 2026க்குள் நிறுத்திவிடுவதாகச் சொன்னது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. கோனிக்கா மினோல்டா கேமராவையும் ஃபிலிமையும் விட்டுவிடுவதாக 2006இல் அறிவித்தது, அலுவலக இயந்திரத்தை விடவில்லை. இவை எதையும் துரோகம் என்று நான் சொல்லவில்லை. வியாபாரத்தில் அவர்கள் கணக்கு அவர்களுக்கு. சாம்சங் விஷயத்தில் வாடிக்கையாளர் பொறுப்பை எச்பி எடுத்துக்கொண்டது, நடுத்தெருவில் விடவில்லை. ஆனால் சியோலிலும் டோக்கியோவிலும் எடுக்கிற முடிவின் கடைசி நுனி எங்கள் ஊர்வரை வருகிறது, அதுதான் என் கவலை.

என் நாத்தனார் வீட்டில் ஒரு இயந்திரம் இருக்கிறது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ஸ்கேன், ஜெராக்ஸ், பிரிண்ட் மூன்றும் செய்யும், பார்க்க அழகாக இருக்கும், உள்ளே எல்லாம் இன்னும் புதுசு போல இருக்கிறது. அதற்கான டோனர் பாலக்காட்டிலும் இல்லை, பொள்ளாச்சியிலும் இல்லை, கோயம்புத்தூரில் கேட்டால் "அந்த மாடலுங்களா?" என்கிறார்கள். ரீஃபில் செய்தாலும் கார்ட்ரிட்ஜில் உள்ள சிப் "தீர்ந்துவிட்டது" என்று ஒரே பிடியாக நிற்கிறது. சிப் பக்கங்களை எண்ணிக்கொண்டு வந்து ஒரு எண்ணிக்கையில் பூட்டிவிடும். தூள் நிறைந்திருப்பது அதற்குத் தெரியாது. நன்றாக ஓடக்கூடிய இயந்திரம் துணி போர்த்தி மூலையில் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை. எத்தனை பேரின் உழைப்பு அதற்குள் இருக்கிறது!

பொள்ளாச்சியில் எங்களுக்கு ரீஃபில் செய்து தரும் தம்பி ஒருவர் இருக்கிறார். பிரிண்டர் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி: "கம்பெனி பேரு அப்புறம் சொல்லுங்க டீச்சர், கார்ட்ரிட்ஜ் நம்பர் என்னங்க?" இந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடக்கம். 12ஏ என்று சொன்னால் போதும், இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் தலையாட்டுவார்கள். எச்பி லேசர்ஜெட் 1010, 1018, 1020 எல்லாம் அந்தக் கார்ட்ரிட்ஜ்தான். கேனான் எல்பிபி 2900க்கு 303 என்று எண் போட்டிருக்கும். ஆனால் கேனானின் என்ஜின் வழி வந்ததால் உள்ளே அதே ஏற்பாடுதான், ரீஃபில்காரர் இரண்டையும் ஒரே கையால் திறப்பார். அதே மாதிரி 88ஏ. பி1007, பி1108, எம்1136 என்று பல மாடலுக்கு அது பொருந்தும். இவற்றின் டிரம், அதற்கு மின்னூட்டம் ஏற்றும் பிசிஆர் உருளை, வைப்பர் பிளேடு, மேக்னெட்டிக் ரோலர் எல்லாம் தனித்தனியாக விற்கின்றன. நிறுவனம் மாடலை நிறுத்திவிட்டாலும் தெரு நிறுத்துவதில்லை.

என்னிடம் இருப்பது அந்த எல்பிபி 2900. நிமிடத்துக்கு 12 பக்கம், இருபக்க அச்சு கிடையாது, வைஃபை கிடையாது. ரொம்பப் பழைய வடிவமைப்பு. அதில் அச்சாகும் தமிழ் எழுத்தின் கூர்மை இன்றைக்கும் எனக்குத் திருப்தி. பின்னாளில் இரண்டு பக்கமும் தானே அடிக்கும் பிரதர் எச்எல்-எல்2321டி ஒன்றும் வாங்கினோம். அதில் டோனர் தனி, டிரம் தனி. டோனர் 2,600 பக்கம், டிரம் 12,000 பக்கம் என்று நிறுவனம் சொல்கிறது. தூள் தீர்ந்தால் தூள் டப்பாவை மட்டும் மாற்றலாம், நல்ல டிரம்மைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இந்த இரண்டு முறைகளில் எது மேல் என்று நானும் தம்பியும் வாதம் செய்வதுண்டு. ஒரே கார்ட்ரிட்ஜ் என்றால் திறக்கும்போதே டிரம்மையும் பார்த்துவிடலாம் என்பது அவர் கட்சி. நான் பிரதர் கட்சி.

பக்கக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2,000 பக்கம், 2,600 பக்கம் என்று அட்டையில் போடுவது, தாளில் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டும் கறுப்பு இருக்கும் ஒரு மாதிரிப் பக்கத்தை வைத்து. நாங்கள் அடிக்கும் தாளில் பெரிய எழுத்து, படம், கட்டம், நான்கு ஓரமும் நெருக்கம். அதே கார்ட்ரிட்ஜ் அவ்வளவு வராது. படங்களை நிரப்பாமல் கோட்டோவியமாகப் போடுகிறோம். பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டவும் ஆயிற்று.

வாங்குமுன் பார்க்க வேண்டிய இன்னொன்றைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. சில மலிவு இயந்திரங்களுக்குச் சொந்த மூளை குறைவு. பக்கத்தை வரைவதெல்லாம் கணினியில், அந்த நிறுவனம் எழுதிய டிரைவர் என்ற மென்பொருளை வைத்து. என் எல்பிபி 2900ம் அந்த வகைதான். நிறுவனம் டிரைவர் எழுதுவதை விட்டால் புதுக் கணினியில் இயந்திரம் ஊமையாகிவிடும். அதனால்தான் அதற்கென்று பழைய கணினி ஒன்றை ஒதுக்கியிருக்கிறேன். பிசிஎல் போன்ற பொது மொழி புரிந்த பிரிண்டராக இருந்தால், நிறுவனம் இருந்தாலும் போனாலும் ஏதாவதொரு பொது டிரைவரில் ஓட்டிவிடலாம். புதிதாக வாங்குபவர் இதைக் கேட்டே ஆக வேண்டும். கூடவே செல்போனிலிருந்து நேரே அச்சிட முடியுமா என்றும்.

வாங்கிய பின் அதைக் காப்பாற்றுவது நம் வேலை. ஃபியூசர் சூடேறும் கணத்தில் பல நூறு வாட் இழுக்கும், விளக்குகூட ஒரு நொடி மங்கும். இன்வெர்ட்டரிலும் சின்ன யுபிஎஸ்ஸிலும் லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள், நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். ஜூன், ஜூலையில் தாள் ஈரம் குடிக்கும். அந்த ஈரம் ஃபியூசரில் ஆவியாகித் தாள் சுருண்டு சிக்கும். எல்லாரும் இயந்திரத்தைத் திட்டுவார்கள், தப்பு தாளில். பிரித்த ரீமை மூடி போட்ட தகர டின்னில் வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். எங்கள் வீட்டில் அரிசி டின் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கணவாய்க் காற்று அடிக்கும்போது நேர்மாறு. தாள் மொறுமொறுவென்று காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாக உள்ளே போகும். கட்டை விரித்து உதறிவிட்டுப் போட வேண்டும். டோனர் கொட்டினால் காய்ந்த துணி, பிறகு பச்சைத் தண்ணீர். வெந்நீர் கூடவே கூடாது, தூள் இளகித் துணியிலேயே பிடித்துவிடும்.

இந்த எல்லைப்பக்கம் பிரிண்டர் இருக்கிற வீடு என்றால் பள்ளி வேலை மட்டும் வராது. ரேஷன் கார்டு கேரளத்தில், பிள்ளை படிப்பது பொள்ளாச்சியிலோ கோவையிலோ என்று பல குடும்பங்கள். ஒரு சான்றிதழ் இந்த மாநிலத்தில், ஒரு விண்ணப்பம் அந்த மாநிலத்தில். அரசு விண்ணப்பங்களுக்கு உதவும் அக்ஷயா மையம் மாலையில் மூடிவிட்டால் எங்கள் வீட்டுக் கதவுதான். 2020இல் எல்லையைக் கடக்க பாஸ் வேண்டியிருந்த நாட்களில், போனில் காட்டினால் போதும் என்று சொன்னாலும், வயதானவர்கள் தாளில் கையில் வைத்திருக்கத்தான் விரும்பினார்கள். "டீச்சர், ஒரு காப்பி எடுத்துக் கொடுங்க, போன்ல சார்ஜ் நிக்கறதில்லீங்க" என்று வந்த அப்பச்சிகளுக்கு அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கியதில்லை. பள்ளி மூடியிருந்த அந்த மாதங்களில், நல்ல போன் இல்லாத பிள்ளைகளுக்குப் பாடம் போய்ச் சேர்ந்தது இந்தத் தாள்களாகத்தான். பால் சொசைட்டிக்கு வரும் பெற்றோரிடம் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பினோம். அன்றைக்கு டோனர் தீர்ந்தபோது அதே தெருவில் யாரோ ஒருவரிடம் 12ஏ வகைக் கார்ட்ரிட்ஜ் உபரியாகக் கிடைத்தது. அந்த எண்ணை ஊரே வைத்திருந்ததன் பலன் அது.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் ஒருவர் போன வாரம் என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டார். அவருக்குத் தாள் அடிக்கும் வேலை நிறைய, கணினி புதுசு. தனி டிரம், இருபக்க அச்சு, பிசிஎல், வைஃபை உள்ளதாகப் பாருங்கள், அந்தக் கார்ட்ரிட்ஜ் எண்ணைப் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் இரண்டு கடைகளில் சொல்லிப் பாருங்கள், இரண்டிலும் உடனே எடுத்துக் காட்டினால் வாங்கிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் 2900க்கு இந்த ஜூனுக்கு முன்னால் பிக்கப் ரோலர் மாற்ற வேண்டும். தாளை இழுக்கத் தயங்குகிறது. தம்பியிடம் சொல்லிவைத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.